அடுப்பில்லாமல் தேக்கடிக்கு

நெய்வேலியில், எங்கள் பிளாக்கில் கோடை டூர் என்றால் வேனில் முதலில் ஏறுவது அடுப்பு. ஆட்கள் அதற்குப் பிறகுதான். வேன் வாசலில் வந்து நின்றதும் பின்கதவைத் திறந்து இரட்டை பர்னர் அடுப்பு, சாக்கு சுற்றிய சிலிண்டர், பெரிய குண்டான், அதற்குள் சின்ன குண்டான், அதற்குள் கரண்டிகள், அரிசிப் பை, மளிகை டப்பாக்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்குவோம். மீதி இடத்தில் பெட்டிகள். அங்கேயும் கொள்ளாத பெட்டிகள் எங்கள் காலடியில்.

மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவது வழக்கம். பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா வீடு, எதிர் குவார்ட்டர்ஸ் டீச்சர் வீடு, எங்கள் வீடு. என் கணவருக்கும் அக்காவின் கணவருக்கும் மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. டீச்சரின் கணவருக்கு ஒர்க்‌ஷாப்பில் ஜெனரல் ஷிஃப்ட். முன்பெல்லாம் பிள்ளைகளும் வருவார்கள். இப்போது படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டார்கள். ஆறு பேர்தான் மிச்சம். ஆனால் குண்டான் அதே குண்டான்தான்.

சமையலுக்குத் தலைமை அக்கா. பண்ருட்டிப் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். ஒரு படி அரிசிக்கு எவ்வளவு உப்பு என்று கையே சொல்லும். நான் அவருக்கு உதவி. டீச்சர் வெங்காயம் அரிவதாகப் பேர். ஆண்கள் தண்ணீர்க் கேன் தூக்கி வைத்துவிட்டு, அதைத் தூக்கி வைத்ததைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்த பிறகு, டைரிகள் வைத்திருக்கும் அலமாரியைத் தூசி தட்டினேன். நெய்வேலியில் தூசி தட்டுவது என்பது ஒரு வேலையே இல்லை, ஒரு வாழ்க்கை முறை. தட்டிக்கொண்டே பழைய டைரி ஒன்றைப் பிரித்து, ஊட்டிக்குப் போன நாளைத் தேடினேன். என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அப்பளம் நமுத்துவிட்டது. மாலை ரவை உப்புமா. ஏரி பெரியது என்றார்கள்."

என்றார்கள். நான் அங்கேதான் இருந்தேன். ஏரிக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், வேனுக்குப் பின்னால்.

கொடைக்கானல் டைரியைப் பார்த்தேன். "வெண்பொங்கல். மிளகு அதிகம். பனி." ஏற்காட்டுக்கு இரண்டே வார்த்தை: "சிலிண்டர் தீர்ந்தது." மூன்று மலைக்கும் போயிருக்கிறேன், மூன்று ஏரிக்கும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒன்றின் தண்ணீர் என்ன நிறம் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வருஷம் ஒரு ஏரியை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையில் கரண்டி இல்லாமல்.

இதைச் சொல்வது சுலபம். செய்வதற்கு வழி தெரியவில்லை. "அடுப்பு வேண்டாம்" என்று நேராகச் சொன்னால், அக்காவின் கையை வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். அதனால் ஒரு வாரம் போனில் ஊர் ஊராகத் தேடினேன். ஒரு மத்தியானம் தேக்கடியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. தேசியப் பூங்கா எல்லைக்குள் தீ மூட்டக் கூடாது. அடுப்பு, சிலிண்டர், பிளாஸ்டிக் எதற்கும் அனுமதி இல்லை.

மறுபடியும் படித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை படித்தேன். ஊர் உலகமெல்லாம் யானை பார்க்கப் போகிற இடத்தை நான் அந்த ஒரு வரிக்காகத் தேர்ந்தெடுத்தேன். அடுப்பை வேண்டாம் என்று சொல்வது நான் இல்லை, காடு. காட்டோடு யார் சண்டை போட முடியும்?

அதன் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மேப்பில் விரலை வைத்து நெய்வேலியிலிருந்து விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம், குமுளி என்று போவேன். கம்பத்தைத் தாண்டியதும் சாலை பாம்பு போல வளையத் தொடங்கும். அந்த இடத்தில் படத்தைப் பெரிதாக்கி வளைவு வளைவாக ஏறுவேன். மேலே, பச்சைக்கு நடுவே, ஏரி. மேலேயிருந்து பார்த்தால் யாரோ மைப்புட்டியைக் கவிழ்த்து, மை எல்லாப் பள்ளத்திலும் ஓடின மாதிரி இருக்கிறது. தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன மரங்கள் நிற்கின்றன. கோடையில் காட்டுக்குள் ஓடைகள் வற்றிவிடுவதால் யானைகள் ஏரிக்கரைக்கே வரும் என்று எழுதியிருந்தார்கள். இங்கே எங்களுக்கு மலை என்றால் மைன்ஸில் வெட்டி எடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. அதன் மேல் சீமைக்கருவேலம் முளைத்திருக்கும். யானை வராது.

கணவர் இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன்.

"இந்தத் தடவ தேக்கடி போலாங்க."

"என்ன இருக்கு அங்க?"

"ஏரி. சுத்தி காடு. படகுல போய்க்கிட்டே மிருகமெல்லாம் பாக்கலாம்."

"சாப்பாடு?"

"ஓட்டல்ல."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மொதல்ல அங்க சொல்லு. யானையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

இருந்தாலும் அவருக்கும் ஆசை பற்றிக்கொண்டது எனக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்து ஷூ போடும்போது, "படகுல லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்களா?" என்று கேட்டார். இரண்டு நாளில் லீவுக்கும் வழி செய்துவிட்டு வந்தார். கோடையில் லீவு எல்லோரும் கேட்பார்கள், சுலபத்தில் கிடைக்காது. கூட வேலை செய்யும் ஒருவர் இவருடைய ஷிஃப்டைப் பார்த்துக்கொள்வதாகவும், பதிலுக்கு அவருடைய தீபாவளி நைட் ஷிஃப்டை இவர் பார்த்துக்கொடுப்பதாகவும் பேச்சு. ஒரு ஏரிக்காகத் தீபாவளியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அக்காவின் கணவரும் அதே நாட்களில் லீவு எழுதிக் கொடுத்தார். அவருக்கு இந்த வருஷக் கடைசியில் ரிட்டயர்மென்ட். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பண்ருட்டிக்குப் போய்விடுவார்கள். பிளாக்கோடு சேர்ந்து அவர்கள் வரப்போகிற கடைசி டூர் இதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் ஸ்வெட்டர்களை வெளியே எடுத்தேன். பீரோ அடியில் கிடந்ததால் பூச்சி உருண்டை வாசனை. அலசி வாசலில் காயப்போட்டேன். அன்றைக்கு அடித்த வெயிலில் கொடிக் கம்பியே கையைச் சுட்டது. அதில் நான்கு ஸ்வெட்டர்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, தெருவில் போன காய்கறிக்காரர் சைக்கிளை நிறுத்தி, "வூட்ல யாருக்குங்க குளிர்ஜுரம்?" என்று விசாரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், வெயில் தாழ்ந்ததும், மூன்று வீட்டு நாற்காலிகளையும் தெருவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அக்கா ஊரிலிருந்து வந்த பலாப்பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் போனில் ஏரியின் படத்தைக் காட்டினேன். போன் ஒரு சுற்று போனது. டீச்சர் அதைத் திருப்பித் தரவே இல்லை.

"இந்தப் பட்ட மரத்து மேல ஒரு பறவை ஒக்காந்திருக்கு பாருங்க, சிறகை விரிச்சிக்கிட்டு. இத நான் எடுத்தே ஆகணும்" என்றார் டீச்சர்.

"அடுப்ப எங்க வெச்சிக்கறது?" என்றார் அக்கா.

எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்விதான். "காட்டுக்குள்ள அடுப்பே விடமாட்டாங்களாம்க்கா. செக்போஸ்ட்லயே எறக்கிடுவாங்க."

"காட்டுக்குள்ள யாரு ஆக்கப் போறா? வெளிய ரோட்டோரமா ஒரு மரத்தடி இருக்காதா?"

"ரூம் எடுக்கற எடத்துலயும் சமைக்கக் கூடாதாம்."

"அப்பாடா" என்றார் டீச்சர். "இந்த ஒரு வருஷமாவது நான் வெங்காயம் உரிக்காம கண்ணத் தொறந்து பாக்கறேன்."

"நீ எந்த வருஷம் உரிச்ச? ரெண்டு உரிப்ப. மூணாவது உரிக்கறதுக்குள்ள கேமராவ தூக்கினு ஓடுவ. மிச்சத்த இவதான் அரிவா." அக்கா என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு சுளை நிறைந்த தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரி, நீங்க எல்லாம் போய்ட்டு வாங்க. நான் வூட்ட பாத்துகினு இருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். அவர் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்காவின் கணவர் தலையைச் சொறிந்தார். "அவ வரலன்னா நான் மட்டும் எப்டிங்க வர்றது" என்றார். டீச்சரின் கணவர், அடுப்பை வேன் மேலே கட்டிவிட்டால் செக்போஸ்டில் தெரியாதே என்று ஒரு யோசனை சொன்னார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். என் கணவர் பலாச்சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, "என் தீபாவளி போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அக்கா என்னிடம் எல்லாம் பேசினார், டூரைத் தவிர. பலாக்கொட்டைக் கூட்டு கொடுத்தனுப்பினார். நான் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கிண்ணமாகக் கொடுக்காமல் கொஞ்சம் முந்திரி போட்டுக் கொடுத்தேன். "கெட்டிக்காரிதான்" என்றார். அவ்வளவுதான். நான் ஏரி என்று ஆரம்பித்தால் அவர் எண்ணெய்ப் பலகாரம் என்று முடிப்பார்.

அடுப்பையே ஒத்துக்கொண்டு வேறு ஊரைப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன். அக்கா வராமல் இந்த டூர் இல்லை, அது நிச்சயம். அவருக்குக் கடைசியாக ஒரு முறை எங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட வேண்டும் என்று ஆசை இருந்தால் அதைப் பறிக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் போனை எடுத்தால் விரல் தானாக அந்த ஏரிக்குப் போய்விடும். காலையில் புறப்படும் முதல் படகுக்கு இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. டிக்கெட் எடுக்க ஒவ்வொருவருடைய வயதும் ஆதார் எண்ணும் கேட்டார்கள். ஐந்து பேருடையது என்னிடம் இருந்தது. ஆறாவதைக் கேட்டு வாங்கும் சாக்கில் ஒரு காலை அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா பின்கட்டில் பெரிய குண்டானைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையில் உட்காரவில்லை. உயரமான பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, குண்டானை எதிரே இன்னொரு ஸ்டூலில் வைத்திருந்தார். நானும் ஒரு தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு இன்னொரு பக்கம் தேய்த்தேன்.

"அக்கா, உங்க ஆதார் நம்பர் வேணும்."

"எதுக்கு?"

"படகுக்கு."

"நான்தான் வரலன்னு சொன்னனே."

"நீங்க ஆக்கிப் போடணும்னுதான் ஆசைப்பட்டீங்கன்னா, தேக்கடி வேணாம்க்கா. வேற எங்கியாவது போலாம். அடுப்ப ஏத்திக்கலாம்."

அக்கா தேய்ப்பதை நிறுத்தினார். "யாரு சொன்னா ஆசன்னு? முப்பது பேருக்கு ஆக்கற குண்டான்ல ஆறு பேருக்கு ஆக்கறதுக்கு எனக்கு என்ன வேண்டுதலா?"

"பின்ன ஏன்க்கா?"

அக்கா குழாயைத் திறந்து கையைக் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எனக்கு எறங்க வராது."

"எங்க எறங்க?"

"எங்கயும்தான். ஏறிடுவேன். மூச்சு வாங்குனாலும் ஏறிடுவேன். எறங்கறப்ப முட்டி புடிச்சிக்கும், காலு தந்தி அடிக்கற மாதிரி நடுங்கும். கீழ பாத்தா தலைகுப்புற போயிடுவனோன்னு இருக்கும். கொடைக்கானல்ல இவங்க எல்லாம் ஏரிக்குப் போனாங்களே, உன்ன பொங்கலப் பாத்துக்க சொல்லிட்டு பின்னாலயே நானும் போனேன், உனக்குத் தெரியாது. ரெண்டு படி எறங்கினேன். அப்பிடியே நின்னுகினு இருந்தேன். மேலயும் போவ முடியல, கீழயும் போவ முடியல. ஒரு பொண்ணு வந்து கைய புடிச்சி மேல ஏத்தி வுட்டுச்சி. பொங்கல் அடி புடிக்குதுன்னு சொல்லிகினு வேனுக்கு வந்துட்டேன்."

எனக்கு அந்தப் பொங்கல் ஞாபகம் இருந்தது. அடி பிடிக்கவே இல்லை.

"அடுப்பு இருந்தா, அவ ஆக்கறான்னு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார் அக்கா. "அடுப்பு இல்லன்னு வெய்யி. எல்லாரும் கீழ எறங்குவீங்க. நான் மேலயே நிப்பேன். அப்ப எல்லாரும் என் காலதான் பாப்பீங்க. எங்க வூட்டுக்காரரு டாக்டர்கிட்ட போவலாம்னு ஆரம்பிப்பாரு. டீச்சரு ஒடனே எதுனா ஒரு தைலம் சொல்லும்."

டீச்சர் தைலம் சொல்வார் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. இருவரும் சிரித்தோம். இத்தனை வருஷமும் அடுப்புப் பக்கத்தில் நானும் அவரும் தோளோடு தோள் நின்றிருக்கிறோம். இந்த அடுப்பை விட்டு எப்போது ஓடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இது இருக்கிறதே என்று அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார். ஏரியை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. காரணம்தான் வேறு.

வீட்டுக்கு வந்து, தேக்கடிப் படகு விவரங்களுக்கு இருந்த எண்ணை அழைத்தேன். மலையாள வாசனையோடு தமிழ் பேசும் ஒருவர் எடுத்தார். வண்டி விடுகிற இடத்திலிருந்து படகு வரைக்கும் பாதை எப்படி, எவ்வளவு இறக்கம், படி உண்டா, கைப்பிடி உண்டா, படகுக்குள் கால் வைக்கிற இடத்தில் பள்ளமா மேடா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். இறக்கம்தான், கொஞ்சம் படியும் உண்டு. எல்லா இடத்திலும் கைப்பிடி இருக்காது. கூட்டம் சேர்வதற்கு முன்னால் வந்துவிட்டால் யாரும் இடிக்க மாட்டார்கள். கீழ்த்தட்டில் இடம் எடுத்தால் படகுக்குள் ஏணி ஏற வேண்டாம். படகு கிளம்பிவிட்டால் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் இருக்க வேண்டும், யாரும் எழுந்து நிற்கவே கூடாது.

"எல்லாரும் போன் செய்து யானை வருமா, புலி வருமான்னுதான் கேக்கும்" என்றார் கடைசியில். "கைப்பிடி இருக்கான்னு இதுவரை யாரும் கேட்டிட்டில்லை."

அன்று சாயந்திரமே மறுபடி அக்கா வீட்டில் நின்றேன். "படகுல எல்லாரும் ஒக்காந்தேதான் இருக்கணுமாம்க்கா. நிக்கவே கூடாதாம். அந்தக் கொஞ்ச எறக்கம் மட்டும்தான். நாம ரெண்டு பேரும் முன்னாடியே போய் மெதுவா எறங்கிடலாம். இந்தத் தடவ எனக்கும் அடுப்பு வேலை இல்ல, உங்க கூடவே வரேன்."

"அங்க போய் நின்னுட்டன்னா?"

"இங்கியே பழகிட்டுப் போலாம்."

"இங்கியா? இந்த ஊர்ல ஏது எறக்கம்?"

நியாயமான கேள்வி. நெய்வேலி டவுன்ஷிப் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஊர். ரோடு நேர், பிளாக் சதுரம், தரை சமம். சைக்கிளை மிதிக்காமல் விட்டால் தானாக உருளுகிற இடம் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. மாடிக் குவார்ட்டர்ஸ் படிக்கட்டு இருக்கிறது, ஆனால் அங்கே போய் ஏறி இறங்கினால் அந்த பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். மண்மேட்டுப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள். கடைசியில் விளையாட்டு மைதானம் ஞாபகம் வந்தது. அங்கே சிமென்ட் கேலரி இருக்கிறது. உயரமான படிகள், கைப்பிடி கிடையாது. அங்கே இறங்கிவிட்டால் தேக்கடியில் இறங்குவது ஒன்றுமே இல்லை.

மறுநாளிலிருந்து காலை வாக்கிங் என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினோம். "சமாதானம் ஆயிட்டீங்களா?" என்றார் என் கணவர். ஆமாம் என்றேன். அதுவும் பொய் இல்லை.

முதல் நாள் அக்கா கீழ்ப்படியில் ஏறி, அதிலிருந்து இறங்கினார். ஒரே ஒரு படி. என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு மத்தியானம் வரை வலி இருந்தது. நான் அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்குவேன். அவர் கீழே பார்க்காமல் என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. "உன் மூஞ்சப் பாத்தா அதவிட பயமா இருக்குது" என்றார். பிறகு வழி மாற்றினோம். பக்கத்தில் நின்றேன். அவர் பக்கவாட்டில் திரும்பி, நல்ல காலை முதலில் வைக்காமல் வலிக்கிற காலை முதலில் கீழே வைத்துப் பார்த்தார். நடுக்கம் குறைந்தது. எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆனால் குறைந்தது. அவருக்கே ஆச்சரியம். அந்த ஒரு படியையே திரும்பத் திரும்ப ஏறி இறங்கினார்.

அப்போது வெயில் இன்னும் ஏறியிருக்காது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு மேலே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். காக்கை சத்தம், தூரத்தில் மைன்ஸ் சங்கு. நாங்கள் படியில் உட்கார்ந்து இளைப்பாறும்போது நான் போனில் வழியைக் காட்டுவேன். கம்பத்தில் திராட்சைத் தோட்டம், மலை ஏறும் வளைவு, ஏரி. இப்போது அக்காவே விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்த எறக்கம்தானா?" என்று மேப்பில் ஒரு கோட்டைக் காட்டுவார். அவருக்கு மலை ஒரு பொருட்டில்லை. அந்தக் கோடுதான்.

இடையில் ஒருநாள் சாப்பாட்டுப் பேச்சும் வந்தது. "அடுப்பு வேணாம், சரி. போற நாளு வழிச்சாப்பாடு என்னுது. இட்லிக்குப் பொடி தடவி, புளிசோறு கிண்டி, துவையல் அரைச்சி எடுத்துகினு வருவேன். அதுல நீ தலையிடக் கூடாது" என்றார். நான் தலையிடவில்லை. புளிசோற்றை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் ஏரியை விரும்பவில்லை.

ஒரு வாரத்துக்குள் பாதி கேலரி வரை ஏறி இறங்கினோம். அப்போதுதான் ஒரு காலை டீச்சர் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டார். நேரே வந்தார்.

"என்ன ரெண்டு பேரும்? மேட்ச் ஏதாவது நடக்குதா? கிரவுண்ட்ல யாரையும் காணோமே."

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார். "எனக்கு எறங்க வரமாட்டேங்குது டீச்சர். தேக்கடில எறங்கணுமே, அதான் பழகிகினு இருக்கேன்."

டீச்சர் அக்காவின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். "இதுக்குத்தானா வரலன்னு சொன்னீங்க? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. எங்க வூட்ல ஒரு தைலம்..."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவராலும் அடக்க முடியவில்லை. சிரிப்பு நின்ற பிறகு அக்கா மூச்சை வாங்கிக்கொண்டு, "தைலம் அப்புறம் குடு. இப்ப இந்தப் பக்கம் வந்து நில்லு" என்றார். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு இடது பக்கம் வந்து நின்றார். நான் வலது பக்கம். மூவரும் மேலே, கடைசிப் படி வரை ஏறினோம். அதுவரை நாங்கள் அவ்வளவு உயரம் போனதில்லை.

மேலே நின்று திரும்பியதும் அக்கா நின்றுவிட்டார். மைதானம் கீழே அகலமாகத் தெரிந்தது. அவர் கை என் தோளைத் தேடி வந்து, தொட்டது. பிடிக்கவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. ஒரு படி. நின்றார். அடுத்த படி. நடுவில் ஓரிடத்தில் கால் நடுங்கியது. டீச்சர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டார். அக்கா கொஞ்ச நேரம் அப்படியே நின்று, நடுக்கம் போவதற்காகக் காத்திருந்து, பிறகு தானே காலை எடுத்து வைத்தார். கீழ்ப்படி வரும்போது என் தோளில் கை இல்லை. எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

தரையில் கால் வைத்ததும் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருந்தது.

"போனை எடு" என்றார்.

எடுத்தேன். முதல் படகில், கீழ்த்தட்டில், இன்னும் இடம் இருந்தது. ஐந்து பேரின் விவரங்களையும் போட்டேன். ஆறாவதற்கு அவர் ஆதார் எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். ரேஷன் கடையில் சொல்லிச் சொல்லிப் பழக்கமாம். வயதைக் கேட்டேன்.

"ஐம்பதுன்னு போடு."

"ஆதார்ல வேற இருக்கும்க்கா."

"அப்ப இருக்கறதப் போடு. படகுக்காரன் பாத்தா பாத்துட்டுப் போறான்."

டீச்சர் தனக்கு மேல்தட்டு வேண்டும், அங்கிருந்துதான் பறவை படத்தில் நன்றாக விழும் என்றார். அவருக்கும் அவர் கணவருக்கும் மேல்தட்டில் போட்டேன். எங்கள் நால்வருக்கும் கீழே. டிக்கெட் உறுதியானதாகத் திரையில் வந்தபோது மூவரும் ஒன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் கைதட்டவில்லை.

"யானை எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டார் அக்கா.

"ரெண்டு பக்கமும் கரைதான்க்கா. எதுலயும் வரலாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீ அந்த ஓரம் ஒக்காரு, நான் இந்த ஓரம் ஒக்காந்துக்கறேன். யாருக்குத் தெரியுதோ அவங்க கூப்புடணும். தூங்கிடாத."